அப்புச்சிக்குக் கட்டிலிலேயே எடுத்த எக்ஸ்ரே

கண்ணுகளா, உங்கள் அப்புச்சி கடைசியில் எப்படி இருந்தார் என்று நீங்கள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. எழுதி வைக்கிறேன். நாளைக்கு நான் படுத்தாலும் உங்களுக்கு உதவும்.

உங்கள் அம்மா இறந்த பிறகு, அவளைப் பெற்ற அவருக்கு வேறு பிள்ளை இல்லை. மகள் இல்லாத வீட்டில் மருமகன் கையால் சோறு வாங்கக் கூசினார். காங்கேயம் ரோட்டில் இருந்த முதியோர் இல்லத்துக்கு அவராகவே போனார். கம்பெனி லீவு விடும் ஞாயிறுகளில் நான் போவேன்.

ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அதன்பிறகு நடக்கவில்லை.

"வலிக்குதுங்களா மாமா?"

"ஒண்ணுமில்லீங்க மாப்பிள்ளை. சோம்பேறித்தனந்தான்."

நான் உள்ளே போனாலே, படுத்தபடி வேட்டியைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டுக்கொள்வார். திருப்பூருக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கலாம் என்றால், "நல்லா இருக்கறவனை எதுக்குங்க தூக்கீட்டுத் திரியறீங்க?" என்பார்.

இல்லத்துக்கு வந்துபோகும் டாக்டரம்மாதான் சொன்னார். "எலும்பு உடைஞ்சிருந்தா அசைக்கவே கூடாதுங்க. இல்லீன்னா நடக்கப் பழக்கோணும். மெஷினையே இங்க வரச் சொல்லலாம்."

வேனில் வந்தது, சக்கரம் வைத்த மெஷின். கொண்டுவந்த தம்பி தென்காசிப் பக்கம்.

"போட்டோவுக்கு மீசைய முறுக்கிக்கட்டுங்களா?" என்றார் அப்புச்சி.

"நான் எடுக்கப்போறது இடுப்பை, தாத்தா. மீசை அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

பிறகு அந்தத் தம்பி என்னிடம், "எக்ஸ்ரே கதிர் படக் கூடாதுண்ணே. வெளிய நில்லுங்க" என்றார். கதவைச் சாத்தினார்கள்.

இடுப்புக்கு அடியில் தகட்டை (படம் பதியும் தட்டு) நுழைத்திருப்பார்கள். "ஐயோ, சாமீ!" என்று ஓர் அலறல். வேறு யாரோ என்று நினைத்தேன். அந்த அறையில் வேறு நோயாளி இல்லை.

நான் உள்ளே போனபோது முகம் வேர்த்திருந்தது. கை வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தது. "முடிஞ்சுதுங்க மாப்பிள்ளை. வலியே இல்லை" என்றார்.

படத்தை டாக்டரம்மா வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். துணியில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கண்டுபிடிப்பேன். பனியன் கம்பெனி செக்கிங்கில் அதுதான் என் வேலை. அந்தப் படத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தொடை எலும்பின் கழுத்து (இடுப்போடு சேரும் இடம்) முறிந்து நாளாகிவிட்டது என்றார்.

"ஆபரேஷனை இருதயம் தாங்காதுங்க. வலிக்கு மருந்து தரலாம். ஆனா அவரு வலிக்குதுன்னு சொன்னாத்தானே அளவு தெரியும்?"

தலையை ஆட்டினேன். அழுகை வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போனேன். கை அதுபாட்டுக்குத் துணியைப் புரட்டியது. வாரம் என்பது அதன்பிறகு எனக்கு ஒரு ஞாயிறிலிருந்து அடுத்த ஞாயிறு வரை அல்ல. அவர் ஆறு நாள் முனகலாம், நான் வரும் ஒருநாள் முடியாது, அவ்வளவுதான்.

நானும் உங்களிடம் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன். நம்பாதீர்கள். வேறு யாரையாவது கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறு, நான் இல்லாதபோது வலியைக் கேட்டு டாக்டரம்மாவிடம் சொல்லும்படி இல்லத்தில் அவரைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம் சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்திலேயே எழுந்தேன்.

"ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றேனுங்க மாமா."

டீக்கடைக்குப் போகவில்லை. கதவை இழுத்துச் சாத்தினேன். நான் போவது அவர் காதில் விழட்டும் என்று, செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து வாசல் வரை நடந்தேன்.