காகிதத்தில் இருபது

மீன் ஐஸ் நிரப்பிய நீல டிரம்முக்குள் இடுப்பு வரை இறங்கி நின்றுகொண்டுதான் டெரிக் பல் விளக்குவான். காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் பென்னி தினமும் விடிந்ததும் ஒரு கூடை ஐஸைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவான். வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் போக மிஞ்சியது இந்த விளையாட்டு வீரனுக்கு. தொழில்முறைக் கால்பந்துக்காரர்கள் எல்லோரும் ஐஸில் இறங்குவார்களாம். அவர்கள் ஆடிவிட்டு வந்து இறங்குவார்கள். இவன் தூங்கி எழுந்து வந்து இறங்குகிறான். பத்து நிமிடம் கழித்துப் பற்கள் கிடுகிடுக்க வெளியே வரும்போது ராயபுரத்துச் சந்து முழுக்க மீன் வாடை அடிக்கும். "ரெக்கவரி" என்பான். எதிலிருந்து என்று கேட்டால் அன்றைக்கெல்லாம் பேச மாட்டான்.

கேட்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. மேற்குக் கடற்கரையில் இருக்கும் பெரிய கிளப் ஒன்றில் டெரிக் கையெழுத்துப் போட்டு ஒரு சீசன் முடிந்துவிட்டது. அந்தச் சீசனில் அவன் மைதானத்துக்குள் இருந்தது மொத்தம் பதின்மூன்று நிமிடம். பந்தைத் தொட்டது நான்கு முறை. ஒன்று த்ரோ-இன், அது கையால் தொட்டது. இன்னொன்று பந்தே வந்து அவன் முதுகைத் தொட்டது. மீதி இரண்டும் நல்ல பாஸ்தான். இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அதிலும் இடது காலின் வெளிப்பக்கத்தால் இரண்டு பேருக்கு நடுவில் சீவிவிட்ட பாஸ் இருக்கிறதே, அதைப் பார்த்தால் எதிரிக்கும் கை தட்டத் தோன்றும். எம்.கே.பி. நகர் மைதானத்துப் புழுதியில் வெறுங்காலோடு ஆடிக் கற்ற வித்தை அது. பதினோரு விநாடி ஓடும் அந்தக் காட்சியை அவன் செல்போனில் பார்க்காதவர் தெருவில் யாரும் இல்லை. பால் போடுகிறவர் இரண்டு தரம் பார்த்திருக்கிறார், இரண்டாம் தரம் தப்பிக்க வழியில்லாமல்.

ரேஷன் கடைக்குப் போனாலும் கணுக்காலில் டேப் சுற்றிக்கொண்டுதான் போவான். வரிசையில் நிற்கும்போது ஒரு காலை மடக்கி, குதிகாலைப் பின்பக்கம் தொட்டு, மூச்சை இழுத்து விடுவான். பின்னால் நிற்கும் பெண்கள் பாமாயில் பாட்டிலோடு நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அம்மா சிலுவையம்மாள் நெத்திலி வறுத்து வைத்தால், "இதுல எத்தினி கிராம் ப்ரோட்டீன் கீதும்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டை இழுப்பான். "துன்னுட்டு எண்ணு" என்பாள் அவள். மின்சார ரசீதின் பின்பக்கம், பழைய காலண்டர், அம்மாவின் ஜெபப் புத்தகத்தின் முதல் தாள் என்று எங்கு பார்த்தாலும் அவன் பழகிய ஆட்டோகிராஃப். இதுவரை அதைக் கேட்டு வாங்கியவர் ஒருவர்தான், கூரியர் கொண்டுவந்த ஆள்.

அப்பா செல்வநாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். "எம்புள்ள கிளப்புல கீறான்" என்று அவர் பெருமையாகச் சொல்லப்போய், கூட வேலை பார்க்கும் பாதிப் பேர் பையன் சீட்டாடப் போய்க் கெட்டுவிட்டான் என்று வருத்தப்பட்டிருக்கிறார்கள். அவரும் திருத்தவில்லை. திருத்தினால் எத்தனை கோல் என்று கேட்பார்கள்.

இவ்வளவும் வெளிப்பூச்சு. உள்ளே இருப்பது வயது.

டெரிக் பிறந்தது ஒரு பிப்ரவரி மாதம், இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு. காகிதத்தில் பிறந்தது அதற்கு இரண்டரை வருடம் கழித்து, ஆகஸ்டு பத்தொன்பதில். நடந்தது இதுதான். அந்தத் தேதியில் சிலுவையம்மாளுக்கு இரண்டாவதாக ஓர் ஆண் குழந்தை பிறந்து ஒன்பது நாள் இருந்துவிட்டுப் போனது. நர்ஸ் அவசர ஞானஸ்நானமாகத் தலையில் தண்ணீர் ஊற்றி ஜெரால்டு என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயர் கல்லறையில் நட்ட சின்னச் சிலுவையில் இருந்தது. பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாகவே கிடந்தது. சிலுவையம்மாள் அதை பிஸ்கெட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள், தூக்கிப் போட மனசில்லாமல்.

டெரிக்குக்குப் பன்னிரண்டு வயதானபோது, பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு போட்டி வந்தது. கோச் அருள்பிரகாசம் வீட்டுக்கு வந்து டீ குடித்துக்கொண்டே காகிதங்களைப் புரட்டினார். பெயரில்லாத சான்றிதழைக் கண்டதும் டீயைக் கீழே வைத்துவிட்டார். "இன்னா மேடம், இத்த வச்சிக்கினு சும்மா குந்திக்கினு கீறீங்க? பேர் சேக்க வழி கீது. பசங்க எல்லாரும் ஒரு வருசம் கொறைக்கிறான். நமுக்கு ரெண்டரை, அதுவும் ஒரிஜினல்!" என்றார். செல்வநாதன் சுவரைப் பார்த்தார். சிலுவையம்மாள் பிஸ்கெட் டப்பாவை மூடி வைத்தாள். காலியாக இருந்த இடத்தில் டெரிக் என்று எழுதப்பட்டது. ஆதாரும் பள்ளிக்கூடச் சான்றிதழும் பின்னாலேயே ஒழுங்காக வந்து சேர்ந்தன.

அதனால்தான் இன்றைக்கும் அவனுக்குப் பிழைப்பு. இருபத்தொரு வயதுக்கு உட்பட்ட இரண்டு பையன்களைக் கிளப் அணியில் வைத்துக்கொண்டாக வேண்டும். அந்த இரண்டில் ஒருவன் இவன். இந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பார்களா என்று தெரியாமல் டெரிக்குக்கு மூன்று வாரமாகத் தூக்கமில்லை. அப்படி இருக்கும்போதுதான், ஆகஸ்டு பத்தொன்பது அன்று அவனுடைய பிறந்தநாளை அவன் தெருவிலேயே படம் எடுத்து இணையத்தில் போடப்போகிறோம் என்று கிளப்பிலிருந்து போன் வந்தது. கழட்டிவிடப் போகிறவனுக்கு யாராவது படம் எடுப்பார்களா? டெரிக் அன்றைக்கு ஐஸ் டிரம்மில் இரண்டு தடவை இறங்கினான்.

பத்தொன்பதாம் தேதி காலையில் சிலுவையம்மாள் புடவை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வருடம் தவறாமல் அன்றைக்குக் காலைப் பூசை முடிந்ததும் ஜெரால்டின் கல்லறைக்குப் போய்விட்டு வருவாள்.

"நா ஒரு எட்டு போயிட்டு ஓடியாந்துடறேன்டா."

"எம்மா, ஒன்ன வச்சித்தான் மொத ஷாட்டே. ஷூட்டு முடியட்டும், அப்பால போ. அவன் எங்க போயிடப் போறான்?" என்றான் டெரிக், தலைக்கு ஜெல் தடவிக்கொண்டே.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

தெருமுனையில் அதற்குள் இன்னொரு வில்லங்கம் எழுந்து நின்றது. பென்னி தன் சம்பளத்தைப் போட்டு இருபதடி ஃப்ளெக்ஸ் அடித்துக் கட்டியிருந்தான். ஒரு பக்கம் சிங்கம், ஒரு பக்கம் கழுகு, நடுவில் டெரிக், கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட பதினெட்டுப் பையன்கள். தலைக்கு மேல், 'இருபத்திரண்டாம் அகவை காணும் எங்கள் தெருவின் தங்கக் காலே!' எழுத்தில் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பக்கத்தில் வட்டம் போட்டு 22 என்றும் அடித்திருந்தது.

"கஸ்மாலம், இன்னாடா பண்ணி வச்சிக்கீற? பேப்பர்ல இருபதுடா!"

"எனுக்கு இன்னா வயசோ அதான உனுக்கும்? ஒண்ணாங்கிளாஸ்ல ஒரே பெஞ்சுல குந்தினவங்கதான நாம? நா உன்னப் பாத்து அடிச்சேன் மச்சி, பேப்பரப் பாத்து அடிக்கல" என்றான் பென்னி. அவனுக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. "பிப்ரவரில ஒரு தபா கேக்கு வெட்டின, இப்ப இன்னொரு தபா வெட்டற. நா எதுனா கேட்டனா?"

நியாயம் பேச நேரமில்லை. டெரிக், எதிர்வீட்டு மீன் கத்தியை வாங்கி, பென்னியின் தோளில் ஏறி, அந்த வரியின் முதல் சொல்லையும் பக்கத்து வட்டத்தையும் சதுரமாக அறுத்து எடுத்தான். ஓட்டை வழியாக மின்கம்பமும் ஒரு காக்காயும் தெரிந்தன.

கிளப்பின் மகிழினி ஒன்பதரைக்கு வந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், தமிழ்ப் பதிவுகளெல்லாம் அவள் பொறுப்பு. கூடவே தமிழ் தெரியாத கேமராக்காரர் ஒருவர். ஓட்டையைப் பார்த்து அது என்ன என்று அவள் கேட்டதும் டெரிக், "காத்து போறதுக்குங்க. பீச் காத்துல்லீங்களா, இல்லன்னா கிழிஞ்சிடுங்க" என்றான். கேமராவுக்கு முன்னால் அவனுக்கு 'ங்க' கொட்டும். கேள்வி கேட்காமலேயே, "ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல், கிரெடிட் கோஸ் டு த டீம்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டான். என்ன சாதனைக்கு என்று கேமராக்காரருக்கும் புரியவில்லை.

பிறகு மகிழினி சிலுவையம்மாளை நாற்காலியில் உட்காரவைத்து, "அம்மா, இவர் பிறந்த அன்னைக்கு நடந்ததைச் சொல்லுங்களேன். ஆகஸ்டு பத்தொன்பது. ஞாபகம் இருக்குங்களா?" என்றாள்.

சிலுவையம்மாளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அன்றைய தேதியைக் கேட்டார்கள். அன்றைய தேதியைச் சொன்னாள்.

"அன்னிக்கு நல்ல மழைம்மா. காலையில பத்து மணிக்குப் பொறந்தான். அழவே இல்ல. நர்ஸம்மா தலகீழாப் புடிச்சித் தட்டினாங்க. அப்பால பூனக்குட்டி மாரி ஒரு சத்தம். அவ்ளோதான். தல நெறைய முடி. என் வெரல ஒண்ணப் புடிச்சிக்கினு வுடவே இல்ல. வலது காதுல, இதோ இங்க, மொளகு மாரி ஒரு மச்சம்."

தெருவே கூடி நின்று கேட்டது. வயதானவர்களுக்கு அவள் யாரைச் சொல்கிறாள் என்று தெரிந்துவிட்டது. இருபது வருடத்தில் அவள் அந்தக் குழந்தையைப் பற்றி வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. மகிழினி கை காட்ட, கேமரா மெல்லத் திரும்பி டெரிக்கின் வலது காதுக்குப் போனது.

காது சுத்தமாக இருந்தது.

"மச்சம் எங்கங்க?" என்றாள் மகிழினி சிரித்தபடி.

டெரிக்கின் கை தானாகப் போய்க் காதை மூடிக்கொண்டது. பதின்மூன்று நிமிடத்தில் கற்ற வேகமெல்லாம் அந்த ஒரு நொடிக்கு உதவியது. "ஹெட்டிங் அடிச்சி அடிச்சித் தேஞ்சிப் போச்சுங்க!"

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகிழினியும் சிரித்தாள், இந்த வரியைத்தான் முதலில் போடப்போவதாகச் சொன்னாள். பிழைத்துக்கொண்டான், ஒப்பந்தமும் ஏறக்குறைய கையில் வந்த மாதிரிதான். சிலுவையம்மாள் மட்டும் சிரிக்காமல் அவனைப் பார்த்தாள். கோபப் பார்வை இல்லை. கோபமாக இருந்தால் அவன் சமாளித்திருப்பான். அப்போதுதான் டெரிக்குக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. வெட்கம் பிடரி வரை ஏறியது.

கேக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். எண் போட்ட மெழுகுவத்தி கூடாது என்று அவன் முன்கூட்டியே உத்தரவு போட்டிருந்ததால் ஒரே ஒரு வெள்ளை மெழுகுவத்திதான். மூன்று எண்ணியதும் ஊத வேண்டும், ஊதிவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்றாள் மகிழினி. ஒன்று எண்ணுவதற்குள்ளேயே துறைமுகத்துப் பக்கமிருந்து வந்த காற்று அதை அணைத்துவிட்டது.

சிலுவையம்மாள் எழுந்து வந்து தீப்பெட்டியை வாங்கினாள். காற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து மறுபடி ஏற்றினாள். ஏற்றிய பிறகும் நிமிராமல் நின்றாள். உதடுகள் மட்டும் அசைந்தன. பக்கத்தில் நின்ற டெரிக்குக்கு அது கேட்டது. பிறந்தநாளுக்குச் சொல்கிற ஜெபம் இல்லை அது, கல்லறையில் சொல்வது. முடித்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

"ரெடிங்களா? ஒண்ணு... ரெண்டு... மூணு!"

டெரிக் குனிந்தான். வாய் குவிந்தது, குவிந்தபடியே நின்றது. "ஊதுடா மாமு!" என்று பென்னி கத்தினான். கேமராக்காரர் கையைக் காட்டினார். "ஊதுங்க டெரிக், ஊதுங்க!" என்றாள் மகிழினி. மறுபடி காற்று வந்தது. சுடர் ஒரு பக்கமாகப் படுத்தது. டெரிக் இரண்டு கைகளையும் கொண்டுபோய் அதைச் சுற்றிப் பொத்திக்கொண்டான்.