மாடு போன வழி

ஓட்டோ ஓட்டுறவன் முன்னுக்குப் பாத்துக்கொண்டுதான் இருப்பான், ஆனா அவன்ட சீவியத்தில நடக்கிறதெல்லாம் பின் சீற்றில இருந்துதான் வரும். பாசிக்குடாச் சந்தியில வெயிலுக்க காய்ஞ்சுகொண்டு நிக்கிற என்ட கூட்டாளிமாருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்ல. வெள்ளைக்காரர் ஏறுவாங்க, படம் எடுப்பாங்க, இறங்கிப் போவாங்க. போன சித்திரையில ஏறின ஒரு மனிசி மட்டும் இன்னும் எனக்குள்ளயிருந்து இறங்கல்ல.

பேர் ஒலேனா. வயசு அறுபதுக்குக் கிட்ட. உக்ரேனில மிக்கொலாயிவ் மாகாணத்து வெள்ளாமைக்காரி. ஜெர்மனியில வேலை செய்யிற மகள், அம்மாவுக்கு நித்திரை வருகுதில்ல எண்டு மூண்டு கிழமைக்கு இஞ்ச கூட்டிவந்திருந்தா. மகள் பகல் முழுக்க அறையில கணினியோட. தாய்க்குக் கடல் பிடிக்கல்ல. கரையைப் பாராம என்ட ஓட்டோவில ஏறி, வயல் இருக்கிற பக்கம் கையைக் காட்டுவா. அவட பாசையைப் போன்தான் தமிழாக்கிச் சொல்லும், செய்தி வாசிக்கிற பொம்புளக் குரலில. நம்மட பேச்சு அந்தப் போனுக்கு விளங்காது. பள்ளிக்கூடத்தில பாடம் ஒப்புவிக்கிறமாதிரிக் கதைச்சாத்தான் பிடிக்கும்.

வரம்பு

கிரான் பக்கம் கொண்டுபோனன். சிறுபோகத்துக்கு வயல்வட்டை முழுக்கத் தண்ணி கட்டி நிக்குது. சேத்தில ஒரு பிடி அள்ளி மணந்து பாத்தா. தங்கட பக்கம் ஒரு நாள் முழுக்க ஓடினாலும் மலை தெரியாதாம். கறுத்த மண். கோதுமை, பார்லி, சூரியகாந்தி, வத்தகப்பழம். ஆறுகள் கடலுக்குக் கிட்ட வந்து அகண்டு, நம்மட வாவி மாதிரிக் கிடக்குமாம். மழை மட்டும் குறைவு.

நம்மட ஆக்களுக்கு ரெண்டு ஏக்கர், மூண்டு ஏக்கர்தான் காணி எண்டு சொன்னன். வரம்புகளைக் கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டா. அவட ஒரு வயலுக்க இந்த வட்டை முழுக்க அடங்கும்போல. மறுகா போன் கேட்டுது: "இவ்வளவு சிறிய வயலில் உழவு இயந்திரம் எப்படித் திரும்பும்?"

பராட்டா

ஓட்டமாவடியில முஸ்லிம் காக்கா ஒராளின்ட தேத்தண்ணிக் கடை. பராட்டாவைப் பிச்சு வாயில வச்சவ, முந்தி இப்பிடி மாவுக்குக் கோதுமை தங்கட துறைமுகத்தாலயும் கப்பலேறும் எண்டு சொன்னா. சண்டை தொடங்கி அந்தத் துறைமுகம் மூடிக் கிடக்குதாம். தானியம் முழுக்க வேற வழியால சுத்திப் போகுதாம்.

காக்கா கல்லைத் துடைக்கிறதை நிப்பாட்டிப்போட்டு அவவைப் பாத்தார். மாவுக்குத் தட்டுப்பாடு வந்து, கேஸும் இல்லாம, கடை பூட்டிக் கிடந்த நாள் அவருக்கு மறக்குமா? இன்னொரு பராட்டாவைச் சுடச்சுடப் போட்டுவச்சுப்போட்டுச் சொன்னார்: "உங்கட ஊரில வெடிச்சா எங்கட அடுப்பு நூந்துபோகுது. அப்ப நாம சொந்தக்காரர்தானே, சாப்பிடுங்க."

ஊரில ஆர் இருக்கிறது

ஏறாவூர்ச் சந்தியில வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிற விளம்பரங்களைப் பாத்து, என்ன எழுதியிருக்கு எண்டு கேட்டா. கட்டார், சவூதி, டுபாய் எண்டன். சிரிச்சா. அவட ஊரிலயும் அப்பிடித்தானாம், போலந்து, ஜெர்மனி எண்டு பேர்தான் வேற. உக்ரேன்காரரோட மொல்தாவர், பல்கேரியர் எல்லாம் தலைமுறையாக் கலந்திருந்த ஊர். இப்ப மிச்சம் கிழடுகளும் நாய்களும். அதில ஒராள் அவட புருசன் பெத்ரோ. மகள் எவ்வளவு கெஞ்சியும் வெளிக்கிடல்லையாம். காரணத்தை அவ சொன்ன விதம் எனக்குப் பிடிச்சுது: "அவர் என்னை விட்டு இருப்பார். டிராக்டரை விட்டு இருக்க மாட்டார்."

காணொளி

ரெண்டாம் கிழமை ஒரு காலமை, சிரிச்ச முகத்தோட வந்து ஏறினா. அப்பிடி அவவை நான் கண்டதே இல்ல. போனில புருசன் அனுப்பின காணொளி. தரிசாக் கிடக்கிற பெரிய வயல், ஓரத்தில மண்டையோடு கீறின சிவப்புப் பலகை. பலகைக்கு அங்கால பக்கத்து வீட்டு மாடுகள் ஆறேழு மேயுது.

மிதிவெடி எடுக்கிற ஆக்கள் வர இன்னும் கன காலம் செல்லுமாம். சூரியகாந்தி விதைக்கிற பருவம் போகப்போகுது. அதனால திங்கக்கிழமை டிராக்டரை இறக்கப்போறாராம். போன் செய்தி வாசிச்சுது: "பசுக்கள் ஒரு மாதமாக அங்கே நடக்கின்றன. ஒன்றும் ஆகவில்லை. கடவுள் இருக்கிறார்."

வேணாம் எண்டு சொல்லவேண்டிய நான், கோழை மாதிரி ஓட்டோவை ஹோட்டலுக்குத் திருப்பினன்.

அண்ணன்

அடுத்த நாள் கேக்காமலே பனிச்சங்கேணிக்குக் கொண்டுபோனன். அங்க என்ட அண்ணன் இருக்கார். நம்மட பக்கத்துச் சண்டை முடிஞ்சு ஊருக்குத் திரும்பின வருசம், எங்கட வயலிலயும் அதே பலகைதான் நிண்டுது. அப்ப எனக்குப் பதினெட்டு வயசு, மாடு பாக்கிறது நான். அண்ணனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழ இல்ல. பலகைக்கு அங்கால ஏன் போனனி எண்டு ஊர் கேட்டதுக்கெல்லாம் "என்ட அவசரம்" எண்டுதான் சொல்லிவந்தார்.

விசயத்தைச் சொன்னன். அண்ணன் அவவைப் புருசனுக்குப் போன் எடுக்கச் சொன்னார். திரையில நரைச்ச மீசை, பின்னால டிராக்டர். அண்ணன் பொய்க்காலைக் கழட்டி மடியில வச்சார்.

"மாடு புல்லுக்குத்தான் போகும், புல்லில்லாத இடத்தை விட்டுப்போட்டுப் போகும். நாம மண்ணுக்குப் போறம், ஒரு இடமும் விடமாட்டம். மாட்டுக்கு வெடிக்காதது டிராக்டர்ட பாரத்துக்கு வெடிக்கும். எனக்கும் மாடு போகுது எண்டுதான் சொன்னவன், இந்தா நிக்கிறான், என்ட தம்பி."

போனுக்கு அண்ணன்ட பேச்சு ஒரு சொல்லும் பிடிபடல்ல. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான்தான் அதை நல்ல தமிழில திருப்பிச் சொல்லவேணும். மாட்டையும் புல்லையும் சொல்லிப்போட்டன். கண்ணால தண்ணி ஓடுது. கடைசி வசனத்தையும் பாடம் ஒப்புவிக்கிறமாதிரியே சொன்னன்: "மாடு போன வழியில் போ என்று நான்தான் சொன்னேன். என் அண்ணன் நம்பினார்."

பெத்ரோ பின்னுக்குக் கிறுகி டிராக்டரைப் பாத்தார். மறுகா போன் கேட்டுது: "எத்தனை வருடம் கழித்து விதைத்தீர்கள்?" அண்ணன் நாலு விரலைக் காட்டினார். மனிசன் தொப்பியைக் கழட்டி முகத்தைத் துடைச்சார். ஒலேனா அவரிட்ட ஏதோ கேட்டா, அவர் தலையை ஆட்டினார். திங்கக்கிழமை அவர் வயலுக்க இறங்கல்ல. வீட்டு வளவில தக்காளி நட்டுப் படம் அனுப்பியிருந்தார்.

திரும்பிவர ஓட்டோவை எடுக்கக்குள்ள நான் அண்ணன்ட முகத்தைப் பாக்கல்ல. பொய்க்காலைப் பூட்டிக்கொண்டே அவர்தான் சொன்னார்: "இவ்வளவு காலமும் உன்னைக் காட்டிக்குடுக்கல்லடா. இண்டைக்குச் சொன்னது அந்த மனிசனுக்காக, மனசில வச்சிராத."

ஆக்களைக் கேட்ட இடத்தில இறக்கிவிடுறதே தொழிலா இருக்கிற நான், ஒராளை ஒரு இடத்தில இறங்காமத் தடுத்தது இந்த ஒரு தடவைதான், அதையும் கால் குடுத்த அண்ணன்தான் செய்யவேண்டியிருந்துது.