கேய்னரின் டயரும் ஹெட்லியின் கட்டைவிரலும்

கேய்னர் ஹோல்ராய்ட் வென்றவை இவை: பிறவியிலேயே ஒன்றரை அங்குலம் குட்டையாக இருந்த இடது கால். 'இந்தப் பெண்ணுக்கு விளையாட்டு வகுப்பு வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்த தலைமையாசிரியை. கம்பளி ஆலையில் பதினோரு வருட அதிகாலை ஷிஃப்ட். பெண்களைச் சேர்க்கலாமா என்று ஹோம்ஷா சைக்கிள் சங்கம் நடத்திய வாக்கெடுப்பு, பத்தொன்பதுக்குப் பதினேழு. கடைசியாக, ஹெட்லி மார்ஸ்டனின் கட்டைவிரல்.

மற்றவற்றைப் பற்றி அவளுடைய அண்ணன் ட்ரெவர் சிரித்துக்கொண்டே பேசுவார். அந்தக் கட்டைவிரல் என்றதும் அவர் காது மடல் சிவந்துவிடும்.

ஹெட்லி சங்கத்தின் கேப்டன். வருடா வருடம் பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு குளிர்காலச் சைக்கிள் ஓட்டம். அறுபது மைல், ஐந்து மணி நேரம். நாற்பது மைல் தார் ரோடு. மீதி, மலைமேல் இருக்கிற நீர்த்தேக்கங்களைச் சுற்றிப் போகும் ஜல்லிப் பாதை. யாரிடமும் எந்த உதவியும் வாங்கக் கூடாது. காலை ஒன்பதுக்குக் கிளம்பி, மதியம் இரண்டுக்குள் தேநீர்க் கடைக்குத் திரும்பினால் சங்கப் புத்தகத்தில் கையெழுத்துப் போடலாம். அந்தக் கையெழுத்து இல்லாதவரை எத்தனை வருடம் கூட ஓட்டினாலும் விருந்தாளிதான்.

கிளம்பும் முன் ஹெட்லி வரிசையாகச் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு வருவார். இரண்டு சக்கரத்துக்கும் மட்கார்டு இருக்கிறதா, பின்னால் வருகிறவன் முகத்தில் சேறு அடிக்காமல் தொங்குதட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். அதுவரை நியாயம். பிறகு ஒவ்வொரு டயரையும் கட்டைவிரலால் அழுத்துவார். விரல் கொஞ்சம் உள்ளே போனாலும் தன் பித்தளைப் பம்பை எடுத்து, ஓட்டுகிறவனைக் கேட்காமலே காற்றடித்து விடுவார். நூறு கிலோ ஆளுக்கும் ஐம்பது கிலோ ஆளுக்கும் ஒரே காற்று, கல் மாதிரி. அவருக்கு முன்னால் இருந்த கேப்டனும் அப்படித்தான் செய்தாராம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

1984-இல் கேய்னருக்கு டயர் தேர்ந்தெடுத்தது ட்ரெவர். லாரி டயர் கடையில் இருபது வருடமாக டயர் மாட்டுகிறவர் அவர். பந்தயக்காரர்கள் போடுகிற ஒரு அங்குல ஒல்லி டயரை வாங்கி வந்தார். பக்கவாட்டில் நூறு பவுண்டு காற்று என்று அச்சடித்திருந்தது. அளவுமானி வைத்துச் சரியாக நூறு அடித்தார். அதன்மேலும் ஹெட்லி தன் பம்பால் பத்து அழுத்து அழுத்தினார்.

தாரில் பறந்தாள். ஜல்லிப் பாதை வந்ததும் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் தெறித்தது. கல் முனை இரண்டு தடவை டயரைக் கிழித்தது. பனிமழையில் விறைத்த விரல்களோடு ஒட்டுப் போட்டாள். இறக்கத்தில் சறுக்கி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டாள். அவளைத் தாண்டிப் போன ஆண்கள் பத்துப் பதினைந்து பேர். தேநீர்க் கடைக் கதவைத் தள்ளும்போது மணி இரண்டு ஆறு.

ஹெட்லி ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்: "புக்க மூடியாச்சு கண்ணு."

மூலையிலிருந்து ஒருவன், "அடுத்த வருஷம் முன்னாடி கூடை வெச்சதுல வாம்மா, முட்டையாவது கொண்டாரலாம்" என்றான். கடையே சிரித்தது.

கடையில் காத்திருந்த ட்ரெவர் வீடுவரை முகம் கடுத்து முன்னால் நடந்தார். வாசலில் கேய்னர் கேட்டாள்: "யார் மேல கோவம்?"

"அந்த ஹெட்லி மேல."

"டயர் வாங்கினது ஹெட்லியா?"

அந்தக் கேள்வி எட்டு மாதம் அவரைத் தூங்கவிடாமல் அரித்தது.

அக்டோபரில் கேய்னர் தன் சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து மூன்று டயர்களை வைத்தாள். ட்ரெவர் அகலம் அளக்கக் காலிப்பர் கொண்டு வந்தார். ஒன்று பிப்ரவரியில் போட்ட ஒல்லி. இன்னொன்று சேற்றுப் பந்தயத்துக்கானது. உடம்பெல்லாம் பெரிய பெரிய ரப்பர்க் குமிழ்கள்.

"இத போடு. ஜல்லிய கவ்வும்" என்றார் ட்ரெவர்.

"நாப்பது மைல் தார்ல இத உருட்டினா என் கால கவ்வும்."

மூன்றாவது முப்பத்திரண்டு மில்லிமீட்டர் அகலம். நடுவில் அரம் போல நுண்ணிய வரி, ஓரத்தில் மட்டும் சின்னக் கட்டங்கள், ரப்பருக்கு அடியில் கல் குத்தாமலிருக்கக் கனமான ஒரு பட்டை. கேய்னர் நகத்தால் ரப்பரைக் கீறிப் பார்த்தாள்.

"ஈரத் தார்ல பிடிக்கிறது வரி இல்ல ட்ரெவ், ரப்பர். இது மெத்துன்னு இருக்கு. உன் ஒல்லி டயரு பிளாஸ்டிக் வாளி மாதிரி இருந்துச்சு."

"உன் ஃப்ரேம்ல இது நுழையாது. மட்கார்டு வேற இருக்கு."

"நுழைய வெக்கத்தான் உன்ன கூப்பிட்டேன்."

அவர் அளந்தார். மறுபடி அளந்தார். அவளுடைய பழைய சைக்கிளுக்கு இருபத்தேழு அங்குலச் சக்கரம். அதைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் சிறிய பிரெஞ்சு அளவுச் சக்கரம் போட்டால் ரிம் நான்கு மில்லிமீட்டர் கீழே இறங்கும். மேலே அவ்வளவு இடம் கிடைக்கும். பிரேக் கட்டை ரிம்மைத் தொடாது. அதற்கு நீளக்கை பிரேக் தேடிப்பிடித்தார். எல்லாம் மாட்டியபின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர் இருந்தது. பார்க்க அழகாக, ஒட்டினாற்போல் இருந்தது. அதில் அவருக்கு ஒரு பெருமை.

காற்றை அவளே பார்த்துக்கொண்டாள். நவம்பரிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நீர்த்தேக்கப் பாதைக்குப் போய், எண்பதில் ஆரம்பித்து ஐந்து ஐந்தாகக் குறைத்தாள். நாற்பதில் ரிம் கல்லில் இடித்தது. முன்னால் ஐம்பது, பின்னால் ஐம்பத்தைந்து என்று நிறுத்தினாள். ட்ரெவர் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்தார்.

பிப்ரவரி வந்தது. வரிசையில் ஹெட்லி அவளிடம் வந்து டயரை அழுத்தினார். விரல் உள்ளே போனது.

"பஞ்சரும்மா" என்று பம்பை எடுத்தார்.

கேய்னர் வால்வைக் கையால் மூடிக்கொண்டாள். "பஞ்சர் இல்ல. அளந்து வெச்சது. தொடாதீங்க."

"நான் கேப்டன். முப்பது வருஷமா டயர் பாக்கறேன்."

ட்ரெவர் கோட்டுப் பையிலிருந்து சங்க விதிப் புத்தகத்தை எடுத்தார். பதினாலு விதி, ஒரு மாதமாக அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார். ஹெட்லியின் முகத்துக்கு நேரே நீட்டினார். "மட்கார்டு இருக்கு, தொங்குதட்டி இருக்கு, மணி இருக்கு. காத்துன்னு ஒரு வார்த்தை எந்த விதியில இருக்கு ஹெட்லி? காட்டு. இப்பவே காட்டு."

ஹெட்லி புத்தகத்தைப் பார்க்கவில்லை. "வழியில உக்காந்தா யாரும் நிக்க மாட்டாங்க, சொல்லிட்டேன்."

"போன வருஷம் யார் நின்னாங்க?" என்றாள் கேய்னர்.

ஹெட்லி பம்பைச் செருகிக்கொண்டு அடுத்த சைக்கிளுக்கு நகர்ந்தார்.

ட்ரெவருக்குக் கொடுத்த வேலை, ஜல்லிப் பாதையின் உச்சியில் நின்று கடக்கிறவர்களின் நேரத்தைக் குறிப்பது. ஆலங்கட்டி அடித்துக்கொண்டிருந்தது. ஒல்லி டயர்க்காரர்கள் பிரேக்கைப் பிடித்தபடி நெளிந்து நெளிந்து வந்தார்கள். இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கேய்னர் உட்கார்ந்தபடியே வந்தாள். டயர் கல்லை விழுங்கி விழுங்கி உருண்டது. ட்ரெவர் நேரத்தை எழுதப் பென்சிலை எடுக்கும்போது முன் சக்கரம் கிரீச்சென்று நின்றது.

பனிச்சேறோடு ஒரு ஜல்லி மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. அவர் அழகு பார்த்து வைத்த அந்த ஐந்து மில்லிமீட்டரில்.

ட்ரெவர் ஓர் அடி எடுத்து வைத்தார்.

"கிட்ட வராத" என்றாள் கேய்னர், தலை நிமிராமல். "நீ தொட்டா என் ஓட்டம் போச்சு."

அவர் இரண்டு கைகளையும் பைக்குள் திணித்துக்கொண்டார். சக்கரம், ஃப்ரேம், பிரேக் எல்லாம் அளந்தவன், ஜல்லியை அளக்கவில்லை. தாரில் மட்டும் ஓட்டுகிறவன் புத்தி. ஹெட்லியைத் திட்ட வைத்திருந்த வார்த்தைகளையெல்லாம் தன்னையே திட்டிக்கொள்ளச் செலவழித்தார். அவள் ஸ்பேனரை எடுத்து, பல்லால் கையுறையைக் கழற்றி, மட்கார்டின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, விரல் நுழைகிற அளவு மேலே ஏற்றி முடுக்கினாள். ஏழு நிமிடம். போகிறபோது, "கோணலா இருக்கு, பாக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசி ஆளைக் குறித்துவிட்டு, குறுக்கு வழியில் இறங்கி ட்ரெவர் தேநீர்க் கடைக்கு வந்தபோது மணி ஒன்று ஐம்பத்தொன்று. ஐம்பத்தாறுக்குக் கதவு திறந்தது. கண் இமைவரை சேறு. கேய்னர் நேராக மேசைக்குப் போனாள்.

ஹெட்லி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டும் அவருக்கு உதவவில்லை. பேனாவை எடுத்து, 'ட்ரெவர் ஹோல்ராய்டின் தங்கை' என்று தானே எழுதத் தொடங்கினார்.

"என்ன பண்றீங்க?"

"விருந்தாளிங்க பேர நான் எழுதறதுதான் வழக்கம்மா."

"நான் நேரத்துக்கு வந்திருக்கேன். எனக்குப் பேர் இருக்கு. எனக்கு எழுதவும் தெரியும்."

ட்ரெவர் மேசைமேல் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி நின்றார். போன வருடம் முட்டை கேட்டவன்தான் கடைசியில் முனகினான்: "பேனாவக் குடுத்துடு ஹெட்லி."

அவள் ஹெட்லி எழுதியதை நேராக ஒரு கோடு போட்டு அடித்தாள். விறைத்த விரல்களால் எழுத்து எழுத்தாக, கீழ்வரியில் எழுதினாள்: கேய்னர் ஹோல்ராய்ட். பக்கத்தில் தேதி, 10 பிப்ரவரி 1985, ஞாயிறு.