அட்மின் அக்காவின் மஞ்சள் பட்டை

தையல் மெஷின் மேல் கிடக்கும் போன் ‘டிங்’ என்றதும் அட்மின் அக்கா மிதிப்பதை நிறுத்துகிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிக்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார். பிறகு டிராயரைத் திறந்து, கணவரின் பழைய பட்டன் போனை எடுத்து, எழுதியவரையே கூப்பிடுகிறார்.

“அண்ணே, சாப்பிட்டாச்சா? நீங்க இப்ப குரூப்புல எழுதினத நான் படிக்கறேன், கேளுங்க.”

ஏற்ற இறக்கம் இல்லாமல், சட்டை அளவு சொல்வது போலப் படிப்பார். “‘மேல் வீட்டு நாய்க்கு இருக்கும் அறிவுகூட அதை வளர்ப்பவனுக்கு இல்லை.’ இதானே எழுதினீங்க? அவர் இறங்கி வந்து உங்க முன்னாடி நிக்கறார்னு வைங்க. இத அப்படியே சொல்வீங்களா? சொல்வீங்கன்னா இருக்கட்டும், நான் தொடமாட்டேன்.”

முக்கால்வாசிப் பேர் அந்த இடத்திலேயே இருமத் தொடங்கிவிடுவார்கள். “எடுத்துடும்மா, ஏதோ கோவத்துல...” என்பார்கள். தன் சொல்லைப் பிறத்தியார் குரலில் கேட்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. எனக்கும் அந்த போன் வந்ததுண்டு. விவரம் உங்களுக்கு எதற்கு?

எங்களுடையது நான்கு மாடிக் கட்டடம். நடுவில் முற்றம், எல்லார் வீட்டுச் சமையலறை ஜன்னலும் அதைப் பார்த்துத்தான் இருக்கிறது. கீழே வாசல் பக்க அறையில் அக்காவின் தையல் கடை, அதன் பின்னாலேயே அவர் வீடு. கட்டடத்தின் வாட்ஸ்அப் குரூப்புக்கு முதலில் அட்மினாக இருந்தவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. யாராவது ஏடாகூடமாக எழுதினால் அட்மினைத்தான் போலீஸ் பிடிக்குமாம் என்று ஒரு பேச்சு கிளம்பியதும், மனிதர் அட்மின் பதவியை மட்டுமல்ல, குரூப்பையே விட்டு ஓடிவிட்டார். பொறுப்பை ஆளாளுக்குத் தட்டிக்கழித்தார்கள். கடைசியில் துணி வெட்டிக்கொண்டு குனிந்திருந்த அக்காவின் தலையில் கட்டினார்கள். “பிடிச்சா பிடிக்கட்டும். போற இடத்துலயும் கிழிஞ்ச துணி இருக்கும்ல?” என்றார் அக்கா.

காலை வணக்கப் பூக்களை அவர் நீக்குவதில்லை. “பூதானே, யாரைக் கடிக்கப் போகுது?” எந்த நோயையும் ஒரே வாரத்தில் விரட்டும் கஷாயச் செய்தி வந்தால், “முதல்ல நீங்க குடிச்சிட்டுச் சொல்லுங்க” என்று பதில் போடுவார். ஆளைத் திட்டினால் கூப்பிட்டுப் படிப்பார். குறை சொன்னால் கையே வைக்கமாட்டார். “திட்டு வேற, குறை வேற. லிஃப்ட் ஓடலன்னு ஒருத்தர் எழுதினா, நான் ஏன் எழுத்த அழிக்கணும்? லிஃப்ட்ட ஓட வைங்க.”

பேர் சொல்லப் பயப்படுகிறவர்களுக்கும் வழி வைத்திருந்தார். அவருக்குத் தனியாக அனுப்பினால் போதும். ‘ஒரு வீட்டிலிருந்து’ என்று தலைப்பிட்டு அவரே குரூப்பில் போடுவார். எந்த வீடு என்று கேட்டால் வாயில் ஊசியைக் கடித்துக்கொள்வார். ஊசி வாயில் இருக்கும்போது பேசக் கூடாதாம்.

அப்படித்தான் இரண்டாம் மாடி நர்ஸ் ஒரு படம் அனுப்பினாள். ஒரு வாளித் தண்ணீர், டிகாக்‌ஷன் நிறத்தில். கைக்குழந்தையும் அவளுமாக வாடகைக்கு இருப்பவள். அந்த வீட்டு ஓனர் வெளிநாட்டில். அவர் சார்பில் எல்லாம் பார்ப்பவர் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செகரட்டரி. தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வைக்க வேண்டியவரும் அவரேதான். “அக்கா, பாப்பாவுக்கு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு. என் பேரு மட்டும் வேண்டாம். செகரட்டரிக்குத் தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிடுவாரு” என்று நர்ஸ் எழுதியிருந்தாள்.

அக்கா பேரை எடுத்தார், நம்பரை எடுத்தார், படத்தைப் போட்டார். யாரோ அதைக் குரூப்புக்கு வெளியே தள்ளிவிட, ஒரே பகலில் ஊரே பார்த்துவிட்டது. விற்பனைக்கு இருந்த நான்காம் மாடி வீட்டைப் பார்க்க வரவிருந்தவர்கள், வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். செகரட்டரிக்குக் கோபம் தலைக்கேறியது. குரூப்பில் புது விதி போட்டார்: இனி எவரும் எதை எழுதினாலும் முதலில் அவருக்குக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். இந்தப் படத்தை அனுப்பியது யார் என்று அட்மின் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்டவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அக்கா பட்டன் போனை எடுத்தார். “சார், நீங்க எழுதினத நான் படிக்கறேன், கேளுங்க.” முழுதாகப் படித்தார். செகரட்டரி இருமவில்லை.

“ஆமா, அதத்தான் எழுதினேன். நேர்லயும் சொல்வேன்” என்றார். “நீங்க சொல்லவே வேண்டாம்மா. படத்தப் பெருசாக்கிப் பாருங்க. எந்த வீடுன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. ஓனர் ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல வர்றாரு. அவருக்கே காட்டிடறேன்.”

அக்கா பெரிதாக்கினார். வாளிக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், ஜன்னல் திரையின் கீழ் மூலை தெரிந்தது. வெள்ளைத் துணி, அடியில் ஒரு சாண் மஞ்சள் பட்டை. நர்ஸ் கொண்டுவந்த துணி நீளம் பத்தாமல், கடையில் கிடந்த மஞ்சள் துணியை ஒட்டுக் கொடுத்துத் தைத்தது அக்காவேதான். கட்டடத்தில் வேறு எந்த ஜன்னலிலும் அப்படி ஒரு திரை கிடையாது. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்.

அன்று சாயங்காலம் தைக்கக் கொடுத்த கால்சட்டையை நான் வாங்கப் போனபோது அக்காவின் முகம் பேயறைந்தது போல இருந்தது. “பேரு, நம்பர் எல்லாம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாத்து எடுத்தேன். என் கை தெச்ச துணி என் கண்ணுக்குத் தெரியலையே! வேற எவளுக்குத் தெரியலைன்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கணுமா இல்லையா?” என்றார். நர்ஸ் வந்து ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலையாம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “பரவால்லக்கா, வேற வீடு பாக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதுதான் அக்காவைக் குடைந்தது.

“திரைய மாத்தச் சொல்லிடுங்களேன்” என்றேன் நான், பெரிய யோசனை போல.

“அவர்தான் பாத்துட்டாரே. இப்ப மாத்தினா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?” என்றவர், சட்டென்று எழுந்து உள்ளே போனார். தன் வீட்டுச் சமையலறைத் திரையைக் கொக்கியிலிருந்து உருவிக்கொண்டு வந்து மெஷினில் வைத்தார். மஞ்சள் துணியில் ஒரு சாண் கிழித்தார். நீளம் சரியாக இருந்த திரை, தைத்து மாட்டியதும் சமையல் மேடையில் புரண்டது. அழகாகவா இருந்தது? இல்லை. குரூப்பில் ஒரு வரி மட்டும் எழுதினார்: ‘திரைக்கு மஞ்சள் பட்டை வைத்துத் தரப்படும்.’

எதற்கு என்று யாரும் கேட்கவில்லை; அதற்குள் எல்லாரும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தார்கள். எல்லார் வீட்டு வாளியிலும் அதே நிறம்தானே. முதலில் நாய் வளர்ப்பவர் வந்தார். அவருக்குப் பின்னால், நாயைச் சொல்லி அவரைத் திட்டியவர். குரூப்பை விட்டு ஓடிய வங்கி அதிகாரி, திரையைச் செய்தித்தாளில் சுற்றி, இருபுறமும் பார்த்துக்கொண்டு வந்தார். “நான் எதுலயும் இல்லம்மா. திரை கொஞ்சம் குட்டையா இருக்கு, அவ்வளவுதான்.” என் வீட்டுத் திரையில் நீலப் பூப் போட்டிருக்கும். மஞ்சளோடு அது படுகிற பாட்டைச் சொல்லி மாளாது. என் மனைவி இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

தைத்ததையெல்லாம் சனிக்கிழமை ராத்திரிதான் மாட்டினோம். ஞாயிற்றுக்கிழமை செகரட்டரி முற்றத்தின் நடுவில் நின்று, போனில் ஓனரிடம் பேசிக்கொண்டே அதை மேலே தூக்கிக் காட்டினார். “பாருங்க சார், அந்த மஞ்சள் பட்டை வச்ச ஜன்னல்...” தூக்கிய கை அங்கேயே நின்றுவிட்டது.

“எதச் சொல்றீங்க? எல்லாத்துலயும்தானே மஞ்சள் இருக்கு?” என்று ஓனரின் குரல் கேட்டது. “ஆமா, தண்ணி அப்படி வருதுன்னு ஒரு படம் எனக்கும் வந்துச்சே. அது நம்ம கட்டடமா?”

மேல் மாடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செகரட்டரி போனைக் காதில் வைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். அவர் வீட்டு ஜன்னல் ஒன்றுதான் வெறும் வெள்ளையாக இருந்தது.

நான் கடையில் உட்கார்ந்து அக்காவிடம் இதையெல்லாம் மறுபடி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது செகரட்டரியின் மனைவி வாசலில் வந்து நின்றார். கைப்பையிலிருந்து மடித்த வெள்ளைத் திரையை எடுத்து மெஷினின் ஓரத்தில் வைத்தார். என்னைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்.

“எங்க வீட்டுலயும் அப்படித்தாங்க வருது” என்றார். “சொன்னா கேக்க மாட்டேங்கறாரு.”

யார் எதை எழுதினாலும் அதை அவருக்கே திருப்பிப் படித்துக் காட்டும் அட்மின் அக்கா, இந்த ஒரு தடவை எதையும் திருப்பிச் சொல்லவில்லை. மெஷின் மேல் எப்போதும் மல்லாந்து கிடக்கும் போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். ஊசியை வாயில் கடித்துக்கொண்டு, என்னை வெளியே போகச் சொல்லிக் கண்ணைக் காட்டிவிட்டு, மஞ்சள் துணியைக் கிழித்தார்.