சாச்சா கையில் கட்டிய காசு

ஏற்கெனவே வீட்டுக்குள் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பவர், இதே வீட்டில் இருப்பதற்கு அனுமதி வாங்க லாகூர் வரை போக வேண்டும் என்றால் எட்டு வயதுப் பெண்ணுக்கு என்ன புரியும்? எங்கள் சாச்சாவுக்கு, அதாவது அப்பாவின் தம்பிக்கு, அப்படித்தான் நடந்தது.

நாடு பிரிந்த கையோடு, கூட்டாளி ஒருவன் பேச்சை நம்பிக் கராச்சியில் கடை வைக்கப் போனார் சாச்சா. ஒரு வருஷம் தாக்குப்பிடித்தார். பிறகு, கொஞ்ச நாள் மட்டும் தங்க இந்திய சர்க்கார் கொடுக்கும் தற்காலிகப் பர்மிட்டில் மயிலாப்பூருக்கே வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டில் யார் பயணம் புறப்பட்டாலும் வலது புஜத்தில் ஒரு காசைத் துணியில் முடிந்து கட்டுவார்கள். போய்ச் சேர்ந்ததும் அவிழ்த்து ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும். கராச்சிக்குப் புறப்பட்டபோது கட்டிய காசு என்னவாயிற்று என்று அம்மா கேட்டாள்.

"கராச்சில எறங்கினதுமே குடுத்துட்டேனே, பாபி" என்றார், அண்ணியைப் பாபி என்றே கூப்பிடும் சாச்சா.

அம்மா இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓரணாவுக்கு இவ்வளவு கோபமா என்று எனக்கு அம்மா மேல்தான் எரிச்சல்.

பர்மிட் முடியும் சமயத்தில் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். சாச்சாவோடு கோலி விளையாடியவர், அவருக்கே கூச்சம். "நீ இந்தத் தெருவுல பொறந்தவன்னு எனக்குத் தெரியும் நைனா, சர்க்காருக்குத் தெரியலியே. அந்தாண்ட லாகூர்ல இருக்கிற நம்ம சர்க்கார் ஆபீசுக்குப் போயி, நிரந்தர பர்மிட் வாங்கிக்கினு வாகா எல்லை வழியா வந்துடு" என்றார். கிடைக்காவிட்டால் சாச்சா அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். தையல்காரரான அப்பா ஒரே காலரைத் தைப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

புறப்படும்போது அம்மா மறுபடி காசு கட்டினாள். "இத எங்க அவுக்கணும்னு தெரியுமில்ல, தம்பி?" என்றாள். "இங்க வந்துதான், பாபி" என்றார் சாச்சா.

அவர் போன பிறகு எனக்கும் தங்கைக்கும் அதுவே விளையாட்டு. நான் வாசலுக்கு வெளியே போய் நின்று பர்மிட் கேட்பேன். வேர்க்கடலை கொடுத்தால்தான் அவள் உள்ளே விடுவாள்.

ஒரு மழைநாள் காலையில் சாச்சா நிரந்தர பர்மிட்டோடு வந்து நின்றார். எல்லையில் ஒரு சிப்பாய், கைப்புடைப்பைப் பார்த்துத் தங்கம் என்று பிடித்துக்கொண்டானாம். "அமுக்கிப் பாரு, அவுக்க மாட்டேன்னுட்டேன், பாபி. பர்மிட்ட கிழிச்சிடுவானோன்னு இருந்துச்சு. அப்பறம் ஒரு சர்தார் ஆபீசர் வந்தாரு. அவருக்குச் சொந்த ஊரே லாகூராம். அங்க அவரு பக்கத்து ஊட்டு முஸ்லிம்ங்க இப்டிதான் கட்டுவாங்கன்னு சொல்லி விட்டுட்டாரு."

துணி அழுக்கேறிக் கறுத்திருந்தது. முடிச்சை அம்மா பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. மசூதி வாசலில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டு வா என்று காசை என் கையில் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஓரணாவைக் கொடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே மழையில் ஓடினேன்.