கர்லி-ஹேர்ட் பாய்

கம்பத்தில் ஹாரன் ஸ்பீக்கர் கட்டும்போது கரண்ட் அடித்து என் வீட்டுக்காரர் போய்விட்டார். அது பங்குனி. ஆடிக் கிருத்திகைக்கு அவருடைய மைக் முன்னால் நான் உட்கார்ந்தேன். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் கோயில் மலை ஏறக்கூடாது. நல்லவேளை, காணாமல்போன பிள்ளைகளைக் கூப்பிடும் எங்கள் கொட்டகை அடிவாரத்தில், குளத்துப் பக்கம்.

நான் படித்தது ஐந்தாவது. மைக் இங்கிலீஷ் அவர் சொல்லித் தந்தது. அவர் ரேடியோ கேட்டுப் பிடித்தது. நீள வார்த்தையை மேஜையில் தட்டித் துண்டு போடுவார். கர்-லி-ஹேர்ட், மூன்று தட்டு.

"தனியா சொன்னா கடைசித் தட்டுல அழுத்து. பின்னாடி பாய்னு வந்தா அழுத்தம் முன்னாடி ஓடிடும். எல்லாத்தையும் ஒரே மாதிரி கத்தினா ஹாரன்ல கூழாயிடும், தெர்தா?"

இன்னொன்றும் சொல்வார். பிள்ளையின் பேரை மைக்கில் சொல்லக்கூடாது. பேர் தெரிந்தால் எவனும் கூப்பிட்டுக்கொண்டு போய்விடுவான். அடையாளம் மட்டும்தான்.

மத்தியானம் பம்பாயிலிருந்து வந்த ஓர் அம்மா ஓடிவந்தார்.

"என் பையன். ஆறு வயசு. தமிழ் வராது, இங்கிலீஷ்தான்."

"அடையாளம் சொல்லுங்கம்மா."

"சுருட்டை முடி. நிறைய சுருட்டை முடி."

கர்லி-ஹேர்ட் பாய், கோ டு எ போலீஸ்மேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். தமிழிலும் தெலுங்கிலும் சொன்னேன். யாரும் வரவில்லை. அந்த அம்மா குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைக் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் பார்த்தார்.

"இன்னாம்மா, புள்ளைக்கு மொட்டை போட்டாச்சா?"

"ஆமா, காலைல..." என்றவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரியாப் போச்சு! இல்லாத முடிய ரெண்டு பேரும் தேடிக்கினு இருக்கீங்கோ!"

"வேற அடையாளம்மா?" என்றேன். அடிவாரம் முழுக்க மொட்டைத் தலைகள்.

"முன்பல் விழுந்திருச்சு. கேப்-டூத்ட்."

என் வீட்டுக்காரர் சொல்லித் தராத வார்த்தை. நானே மேஜையில் தட்டிப் பார்த்தேன். இரண்டு தட்டு. பின்னால் பாய் வருகிறது. முதல் தட்டில் அழுத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு போலீஸ்காரர் தோளில் சந்தனத் தலையோடு பையன் வந்தான், பல்லில்லாத இடத்தை விரலால் காட்டியபடி. அறைய ஓங்கிய கையாலேயே அந்த அம்மா அவனைக் கட்டிக்கொண்டார்.

"அப்பவே கேட்டுச்சாம். கர்லி-ஹேர்ட்னா வேற பையன்னு நெனச்சானாம்" என்று அழுதுகொண்டே சிரித்தார்.

இப்போதெல்லாம் தேடி வருகிறவர்களிடம், "புள்ள இப்போ எப்படி இருக்குது?" என்றுதான் முதலில் கேட்கிறேன். பதில் வர நேரமாகும். நான் அவசரப்படுத்துவதில்லை. நீ யாரென்று கேட்டால் எனக்கும் "மைக்செட்காரர் சம்சாரம்" என்றுதான் முதலில் வாயில் வருகிறது.