கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை

மன்னார் மணலில் எதுவும் எளிதாக ஊறிப் பரவும். அது தெரிந்தும், விதியை மீறி, அயல்வீட்டுக் குடிநீர்க் கிணற்றை ஒட்டி எங்கள் கழிப்பறைக் குழியை வெட்டுவித்தேன். வாசல் பக்கம் வெட்டினால் வருவோர் பார்ப்பார்களே என்ற வீண் கௌரவம். பிரதேச சபையில் இருந்த நண்பர் வந்து பாராமலே அனுமதி தந்தார்.

என் மனைவி அந்தக் கழிப்பறைக்குள் கால் வைக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த அயல்வீட்டுக் கழிப்பறைக்கே போனாள்.

"என்னக்கா, புதுக் கக்கூஸ் அதுக்குள்ள பழுதோ?" என்று அந்த வீட்டுப் பெண் சிரித்தாள்.

"இன்னும் அனுமதி கிடைக்கேல்லை, பிள்ளை."

மனைவி வீடு திரும்பியதும், வேலியோரம் கேட்டுக்கொண்டிருந்த நான், "சபை தந்திட்டுதுதானே?" என்றேன்.

"அந்தத் தண்ணியைக் குடிக்கிற குஞ்சுகுருமன் பிள்ளையள் தரேல்லையே?"

மறுநாளே குழியைத் தூர்த்து, வாசல் பக்கம் வெட்டுவித்தேன். அயலாரிடம் காரணம் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவளோ கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.